மழைமானி போடும் பேர்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா ஒன்றின் தகரக் கூரையில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் மழை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். விழுந்த தண்ணீர் எவ்வளவு? ஏறக்குறைய 1,670 லீற்றர். பெரிய பீப்பாய்களில் பிடித்தால் எட்டுப் பீப்பாய் நிறையும். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். எடைக்கு ஒரு கிலோ. இந்தச் சின்ன வாய்பாட்டோடு கூரையை விட்டுத் தேயிலை மலைக்குப் போனால் தலை சுற்றும். ஒரு ஏக்கர் தேயிலையில் அதே மழை 600 தொன்னைத் தாண்டும். கொஞ்சம் கானில் ஓடிவிடும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கும்.

பதுளை மாவட்டத்தின் பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதையில் போனவர்களுக்கு இந்த மலைகளைத் தெரியும். மேலே பாறைச் சுவர், நடுவே தேயிலை, கீழே பள்ளம். அந்தத் தேயிலை நிற்கும் மண்ணில் பெரும்பகுதி அங்கேயே பிறந்தது இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மேலிருந்து உடைந்து உருண்டு வந்து சரிவில் தங்கிய கல்லும் களியும் கலந்த குவியல் அது. ஒருமுறை வந்து நின்றது, இன்னொருமுறை புறப்படவும் கூடும்.

அப்படிப் புறப்படுவது எதனால் என்று 1920களில் விளக்கியவர் கார்ல் டெர்சாகி என்ற பொறியியலாளர். மண் சரிவில் நிற்பதற்குக் காரணம் அதன் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதுதான். துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளில் தண்ணீர் நிறைந்ததும் அந்தத் தண்ணீரும் அழுத்தத் தொடங்குகிறது. அது துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தூக்குகிறது. மண்ணின் எடை கூடும் அதே நேரத்தில் அதன் பிடி குறைகிறது. மேலே பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. தேயிலைச் செடி அதே இடத்தில், லயம் அதே இடத்தில். உள்ளே மட்டும் மலை கைகளைத் தளர்த்திக்கொண்டிருக்கும். மழை விட்டு வெயில் வந்த பிறகும் சில சரிவுகள் உடைவதற்குக் காரணம், மேலே விழுந்த நீர் ஆழத்துக்குப் போய்ச் சேர நேரம் எடுப்பதுதான்.

இந்த அறிவைத்தான் இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று எண்களாகச் சுருக்கித் தந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள்: கவனமாயிருங்கள். 100 தாண்டினால் செம்மஞ்சள்: கிளம்பத் தயாராகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், சிவப்பு: வெளியேறுங்கள். அந்த நிறுவனம் நாட்டில் மண்சரிவு அபாய வரைபடம் போடத் தொடங்கிய முதல் மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. 1990இல் தொடங்கிய வேலை.

ஆக, பூனாகலை மலைகளுக்கு எண் தெரியும், வரைபடம் தெரியும். ஆனாலும் 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை ஆட்களோடு மூடியது. அந்த இடத்தைவிட்டுப் போகும்படி 2005இலும் 2011இலும் அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தது. உயிர் தப்பிய குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் பூனாகலைப் பக்கம் மாகல்தெனியப் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தடுப்புக் கட்டி வாழ்ந்தன; அதன் பிறகே 75 புது வீடுகள் கிடைத்தன. 2023 மார்ச் 19 இரவு பூனாகலை கபரகலைப் பிரிவிலேயே மண் சரிந்து லயங்களைச் சிதைத்தது. 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் கரையேறியபோது பல இடங்களில் ஒரே நாளில் 200 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன.

எச்சரிக்கை வந்தும் ஏன் போகவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது வழக்கம். போவதற்கு வேறு காணி இல்லை என்பது முதல் பதில். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலருக்குக் காலடி மண் கூடச் சொந்தமில்லை. இரண்டாவது பதில் தோட்டத்தின் வேலைநாள் பதிவேடான செக்ரோலில் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பெயர் ‘பேர்’. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன அளவு கொழுந்து எடுத்து மடுவத்தில் நிறுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அதற்கு மேல் வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபாய் சேர்க்கும் என்றது. மொத்தம் 1,750. நல்ல செய்திதான். ஆனால் இந்த 1,750 முழுவதும் வந்து நிற்கும் காலில் கட்டப்பட்டிருக்கிறது. செம்மஞ்சள் எச்சரிக்கை கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்குப் போகிற தாய்க்கு அன்றைக்குப் பேர் இல்லை. பாதை உடைந்து, மலை மூடப்பட்டு, பத்து நாள் வேலை நின்றால் பத்துப் பேர் போய்விடும். மலை இறங்காமலே போனாலும் அந்தப் பணம் போனதுதான். எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவதற்கு அவள் தன் கையிலிருந்து கட்டணம் செலுத்துகிறாள்.

லயத்து முனையிலிருக்கும் சில்லறைக் கடையைப் பாருங்கள். மாவு, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குப் பிஸ்கட். கடைக்காரரின் உண்மையான முதல் அலுமாரியில் இல்லை, கணக்குக் கொப்பியில் இருக்கிறது. மாதம் முழுக்கக் கடனுக்குக் கொடுத்துச் சம்பள நாளில் வசூலிக்கிற வியாபாரம் அது. மழையில் மாவு நனைந்தால் ஒரு நட்டம். கொப்பியிலுள்ளவர்களுக்குப் பேர் விழாவிட்டால் அதைவிடப் பெரிய நட்டம். தொழிலாளியின் கூலியும் கடைக்காரரின் முதலும் ஒரே கயிற்றின் இரு முனைகள். ஒருவருக்கு மட்டும் உதவி செய்து மற்றவரை மீட்க முடியாது.

அக்கம்பக்கத்தார் உதவ மாட்டார்களா? உதவுவார்கள். தோட்டங்களில் மரணாதார சங்கங்கள் உண்டு, சீட்டு உண்டு, கைமாற்று உண்டு. இந்த உதவி எவ்வளவு வலிமையானது என்று பொருளியலாளர் ரொபர்ட் டவுன்சென்ட் 1994இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார். தென்னிந்தியாவின் வறண்ட நிலத்திலுள்ள மூன்று கிராமங்களின் பல வருடக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். ஒரு குடும்பத்தின் வருமானம் திடீரென்று விழுந்தாலும் அதன் சாப்பாடும் செலவும் அந்த அளவுக்கு விழவில்லை. கிராமத்தின் சராசரியோடு சேர்ந்தே ஏறி இறங்கின. எழுதப்படாத, முத்திரை இல்லாத ஒரு காப்புறுதி அந்தக் கிராமங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. படித்தபோது எனக்கு நம் லயங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

ஆனால் அதே ஆய்வில் அதன் எல்லையும் இருக்கிறது. கிராமத்தின் சராசரியே விழுந்தால்? ஒரு வீட்டில் மரணம் என்றால் தொண்ணூற்றொன்பது வீடுகள் தோள் கொடுக்கும். நூறு வீட்டிலும் ஒரே இரவில் தண்ணீர் புகுந்தால் தோள் கொடுக்க யார் மிச்சம்? சங்கத்தின் பெட்டி ஒரே நாளில் காலியாகும். மழை, மண்சரிவு, புயல் ஆகியவற்றின் கணித இயல்பே இதுதான். அவை எல்லாரையும் சேர்த்து அடிக்கும். ஆகவே அந்த ஆபத்தைத் தோட்டத்துக்கு வெளியே, மாவட்டத்துக்கு வெளியே, சில வேளை நாட்டுக்கே வெளியே கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும். பூனாகலையில் மழை கொட்டும் நாளில் வெயிலடிக்கும் ஓர் ஊர் இந்தப் பணத்தைச் சுமக்க வேண்டும்.

இங்கேதான் ஓர் அழகான யோசனை வருகிறது. அதைச் சொன்னவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920இல் விவசாயக் காப்புறுதி பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு வயலாகப் போய் நட்டத்தை மதிப்பிடுவது ஏழை நாட்டில் நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வயலைப் பார்க்காதே, மழையைப் பார் என்றார். ஒரு பகுதியில் பெய்யும் மழையின் அளவை முன்கூட்டியே குறித்து வைத்து, அந்த அளவு தவறினால் அங்குள்ள எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். டெர்சாகி தண்ணீருக்கும் மண்ணுக்குமான கணக்கைக் கண்டுபிடித்த அதே காலத்தில், தண்ணீருக்கும் காசுக்குமான கணக்கை ஒருவர் மைசூரில் எழுதிக்கொண்டிருந்தார். அது நடைமுறைக்கு வர எண்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது. 2003இல்தான் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகரில் நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்கு மழையளவை வைத்த காப்புறுதி விற்கப்பட்டது.

இந்த முறையின் பலம் வேகம். நட்டத்தைப் பார்க்க அதிகாரி வர வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், பில் காட்ட வேண்டாம். கருவி ஓர் எண்ணைக் காட்டினால் போதும். 2007இல் கரீபியன் நாடுகள் சேர்ந்து இப்படியொரு பொது நிதியைத் தொடங்கின. 2010 ஜனவரியில் ஹெயிட்டியைப் பூகம்பம் தகர்த்தபோது இரண்டு வாரங்களுக்குள் சுமார் 77 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் அந்த நாட்டின் கையில் இருந்தது. நட்டத்தின் முன்னால் அது ஒரு துளிதான். ஆனாலும் முதலில் வந்த துளி.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கருவி காட்டும் எண்ணும் மனிதர் படும் துன்பமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி ஜமைக்காவை அடித்து நொறுக்கியது. அந்த நாடு வாங்கி வைத்திருந்த 15 கோடி டொலர் காப்பு ஒரு காசும் கொடுக்கவில்லை. சூறாவளி மையத்தின் காற்றழுத்தம் ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை. அடுத்த வருடம் அக்டோபர் 28 அன்று மெலிசா வந்தது. அப்போது முழுத்தொகையும் கிடைத்தது. அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 28 அன்று, டித்வா நம் கரையில் ஏறியது.

மலைநாட்டில் இந்தப் பொருத்தக் குறைவு இன்னும் கூர்மையானது. செய்மதி மழையை அளக்கும்போது ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் அகலக் கட்டங்களாகப் பிரித்தே பார்க்கிறது. பூனாகலை உச்சியும் கீழே கொஸ்லந்தையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். மேற்கணக்கு எனும் மேல் பிரிவில் மழை கொட்டும்போது பணியக் கணக்கு எனும் கீழ்ப் பிரிவில் தூறல் மட்டும் இருப்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விண்ணிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. அதனால்தான் அந்தந்தப் பிரிவில் நிற்கும் மழைமானிக்கு இவ்வளவு மதிப்பு. அந்த எளிய கருவிக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. அகன்ற வாயுள்ள புனலில் விழும் நீர், அதன் பரப்பில் பத்தில் ஒரு பங்கே உள்ள குழாய்க்குள் இறங்குகிறது. ஒரு மில்லிமீற்றர் மழை குழாயில் ஒரு சென்றிமீற்றராக உயர்ந்து நிற்கும். மழையைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்ட மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம்.

சரி, காசு வந்துவிட்டது என்று வைப்போம். அது என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே மிக நல்ல பதில்களில் ஒன்று நம் நாட்டிலிருந்துதான் கிடைத்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சுரேஷ் த மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகிய மூவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களிலுள்ள மிகச் சிறிய வியாபாரிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். கடை வைத்திருப்பவர்கள், தைப்பவர்கள், மூங்கில் பொருள் செய்பவர்கள். குலுக்கல் முறையில் சிலரைத் தெரிந்து 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்தார்கள். திருப்பித் தர வேண்டாத பணம். அன்றைக்கு 10,000 என்பது அவர்களில் நடுத்தரமான ஒருவரின் மூன்று மாத இலாபம்.

கண்டது என்ன? சிறு வியாபாரியின் கையில் போன முதல் மாதத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம் திருப்பி ஈட்டியது. எந்த வங்கி வட்டியும் அதன் பக்கத்தில் வராது. முதல் இல்லாமல்தான் இவர்கள் சிறியவர்களாக இருக்கிறார்கள், திறமை இல்லாமல் இல்லை என்பதை அந்த எண் சொல்கிறது. அடுத்தது நம்மை உட்கார வைத்து யோசிக்க வைக்கிற கண்டுபிடிப்பு. வீட்டுப் பொருளை இழந்தவர்களுக்கு ஓரளவு இழப்புக்கேற்ற உதவி போய்ச் சேர்ந்திருந்தது. தொழிற் பொருளை இழந்தவர்களுக்குக் கிடைத்த உதவிக்கும் அவர்கள் இழந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நிவாரணம் கொடுப்பவரின் கண் அடுப்படியைப் பார்த்தது, தையல் மெஷினைப் பார்க்கவில்லை. மூன்று வருடங்கள் கடந்த பிறகும் சுனாமி தொட்ட தொழில்கள் தொடாத தொழில்களுக்குப் பின்னாலேயே நின்றன. நேரடிப் பணம் அதிகம் தூக்கிவிட்டது சில்லறைக் கடைக்காரர்களைத்தான். பணம் வந்த மறுநாளே அலுமாரியை நிரப்பி விற்கத் தொடங்கலாம் என்பதை நினைத்தால் அது புரிகிறது. பொருள் செய்கிறவருக்கு மூலப்பொருள் தருபவரும் வாங்குபவரும் எழுந்து நிற்க வேண்டும்.

இலங்கையில் இதற்கான கட்டமைப்பு இல்லாமல் இல்லை. 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நாடு தழுவிய இயற்கை அனர்த்தக் காப்புறுதியைத் தொடங்கி, வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் 25 இலட்சம் ரூபாய் வரை என்று உச்சம் வைத்தது. டித்வாவுக்குப் பிறகு அரசு வீடு துப்புரவாக்க 25,000 ரூபாயும், முழுதாக வீடிழந்தவர் புதிதாகக் கட்ட 50 இலட்சமும், பதிவு செய்த சிறு தொழில்களை மீளத் தொடங்க 2 இலட்சமும் அறிவித்தது. முன்னைய அனர்த்தங்களோடு ஒப்பிட்டால் பெரிய தொகைகள். இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் ஒரு படிவம் நிற்கிறது. வீடு யாருடையது? லயம் தோட்டத்துடையது. தொழில் பதிவு எங்கே? லயத்துத் திண்ணையான இஸ்தோப்பில் தையல் மெஷின் வைத்து நான்கு லயத்துக்குச் சட்டை தைக்கும் பெண்ணிடம் பதிவுப் பத்திரம் கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? படிவம் எழுதியவருக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. உறுதிப்பத்திரமும் பதிவும் உள்ள ஒரு மனிதரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். மழைமானி இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. அந்தப் பிரிவில் அன்றைக்கு யார் வாழ்ந்தார்கள் என்று தெரிந்தால் போதும். கொடுப்பதற்கும் வழி இருக்கிறது: 2023 முதல் அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கே போகிறது. பிஜித்தீவில் 2016இல் வின்ஸ்டன் சூறாவளிக்குப் பின், ஏற்கனவே உதவித் தொகை பெற்றவர்களுக்கு அதே கணக்கில் மேலதிகப் பணம் போட்டார்கள். புதுப் பட்டியல் எழுதவே இல்லை.

இதையும் தாண்டி ஒரு படி போனவர்கள் பங்களாதேஷில் இருக்கிறார்கள். 2020 ஜூலையில் ஜமுனா நதி பெருகப்போகிறது என்ற முன்னறிவிப்பு வந்ததும், தண்ணீர் உச்சத்துக்கு வருவதற்கு முன்பே உலக உணவுத் திட்டம் 23,434 குடும்பங்களுக்குத் தலா 4,500 டாக்காவைக் கைபேசி வழியாக அனுப்பியது. பிறகு ஆய்வாளர்கள் பணம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு முழு நாள் பட்டினி கிடக்கும் வாய்ப்பு பணம் பெற்ற வீடுகளில் 36 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய தொகைதான். வந்த நேரம்தான் அதைப் பெரிதாக்கியது. வெள்ளத்துக்கு முன் கையில் காசு இருந்தால் மாட்டை மேட்டுக்கு ஓட்டலாம், அரிசி வாங்கி வைக்கலாம். வெள்ளத்துக்குப் பின் அதே காசு வந்தால் கடனுக்கு வட்டி கட்டத்தான் சரியாயிருக்கும்.

இப்போது பூனாகலைக்குத் திரும்புவோம். மூன்று நிற எண்கள் ஏற்கனவே இருக்கின்றன. அந்த எண்களோடு பேரைக் கட்டினால் என்ன? செம்மஞ்சள் விழுந்த நாளிலேயே அந்தப் பிரிவிலுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் சில நாள் பேர் கணக்கில் விழ வேண்டும். சிவப்பு என்றால் பத்துப் பேர். அந்தப் பிரிவுக் கடைக்கும் தையல்காரிக்கும் பதிவு கேட்காமல் ஒரு சிறு தொகை.

எவ்வளவு செலவாகும்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பத்துப் பேர் என்றால் 1,550 வீதம் 15,500 ரூபாய். ஒரு பிரிவில் சிவப்பு மழை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒதுக்க வேண்டியது 3,100. நாளொன்றுக்கு எட்டரை ரூபாய். நிர்வாகச் செலவும் காப்புறுதிக்காரரின் பங்கும் சேர்த்து அதை இரட்டிப்பாக்கினாலும் ஒரு கோப்பை பிளேன்டீ வாங்க முடியாத காசு. அதைத் தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவள் பறித்த தேயிலை கடல் தாண்டிப் போகிறது. அந்த எட்டரை ரூபாயும் அந்த வழியிலேயே எங்காவது சேரட்டும்.

கள்ளத்தனம் நடக்காதா என்று கேட்கலாம். மழைமானியில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டால்? தானியங்கி மழைமானிகள் குறுகிய இடைவெளிகளில் பதிவை அனுப்புகின்றன. பக்கத்துப் பிரிவு மானிகளோடு ஒப்பிட்டால் ஊற்றிய தண்ணீரும் பெய்த மழையும் வேறு வேறு கோடாகத் தெரியும். இது தீர்க்கக்கூடிய சிக்கல். மானி 140இல் நின்று, மலை மட்டும் இறங்கிவிடுவதுதான் கடினமான சிக்கல். முந்தைய ஒரு வாரம் நனைந்து ஊறிய மண்ணுக்கு 140 போதும். ஆகவே ஒரு நாள் மழையை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தைய நாட்களையும் சேர்த்துப் பார்க்கும் எண் வேண்டும். எண் தவறும் நாளுக்கென்று, கிராம உத்தியோகத்தர் நேரில் பார்த்து ஒப்பமிட்டால் பணம் இறங்கும் ஒரு தனிக் கையிருப்பும் வேண்டும். ஜமைக்கா பட்ட பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

வானிலை அவதான நிலையங்களில் மழையளவு காலை எட்டரை மணிக்கு எடுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் தோட்டத்தில் பிரட்டுக் கலைந்து ஆட்கள் மலையில் இருப்பார்கள். நான் ஆசைப்படுவது, மழை நாளில் அந்த இரண்டு கணக்குகளும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும் என்பதுதான். மானியில் நூறைத் தாண்டியது என்று எழுதும் கை செக்ரோலுக்கும் ஒரு செய்தி அனுப்பட்டும். அன்றைக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பிலும் பெட்டியைத் தலையிலும் எடுத்துக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்கு ஏறிப்போகிறவளின் பெயருக்கு நேரே, அந்தத் திகதியில், முழுப்பேர் விழட்டும்.